முருகேசர் பயன் சொல்லாத நாள்

மாசி மாதத்து நெற்சூடு மிதித்துக்கொண்டிருந்தோம். எருமைகள் களத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தன. நான் வைக்கோலை உதறியபடி வழக்கம்போல யாரையோ ஏசிக்கொண்டிருந்தேன். கீழ்வயல் நல்லையன் வரம்பு வழியே வருவதைக் கண்டதும், "என்னடா, பொலியில பங்கு கேக்க வாறியோ?" என்று பகிடி விட்டேன். அவன் சிரிக்கவில்லை. களத்துக்குள் இழவுச் செய்தி சொல்லக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் அவன் வரம்பிலேயே நின்று என்னை வெளியே வரும்படி கையைக் காட்டினான். போனேன். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, "முருகேசர் அண்ணை விடியப்புறம் மோசம் போயிட்டார், கொழுந்தண்ணை" என்றான். எனக்கு வந்த முதல் உணர்ச்சி அழுகை அல்ல, கோபம். என்னைவிட இரண்டு வயது இளையவர். எனக்கு முதல் போக அவருக்கு என்ன அவசரம்?

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு ஒரு சிறு நினைவுப் புத்தகம் அச்சடிக்கிறார்கள். அவருடைய மனைவி பொன்னம்மா, "நீங்கள்தான் எழுதவேணும். அவரோட ஆகக்கூட வாயாடினது நீங்கள்தானே" என்று சொல்லிவிட்டார். நான் பாடுகிறவன், எழுதுகிறவன் அல்லன். ஆனாலும் அந்த வீட்டில் உப்புப் போட்டுத் தின்றவன், மறுக்க முடியுமா?

இந்தப் புத்தகம் வெளியூரார் கையிலும் போகும் என்பதால் எங்கள் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் இலுப்பைக்கடவைக்கு இங்கால் உள்ள சின்ன வயற்கிராமம். குளத்தை நம்பிய ஊர். ஆடி மாதத்தில் எங்கள் கோயிலில் ஏடு வாசிப்போம். கடற்கரை நாடொன்றை ஆண்ட அண்ணன் தம்பி இருவரின் கதை. தகப்பன் இறந்ததும் அண்ணன் முடி சூடுகிறான், தம்பிக்குக் காட்டுப்புறம் கிடைக்கிறது. மழை பொய்த்த வருஷத்திலும் அண்ணன் திறை கேட்கிறான். தம்பி கொடுக்க மறுக்கிறான். அது போராகி, தம்பி களத்தில் விழுகிறான். இந்தக் கதையை ஒருவர் பாட்டாகப் பாடுவார், மற்றவர் ஒவ்வொரு பாட்டுக்கும் கருத்தை விரித்துச் சொல்லுவார். அப்படிச் சொல்லுவதைப் 'பயன் சொல்லுதல்' என்போம். பாடுகிறவன் நான், பயன் சொல்லுகிறவர் முருகேசர். பாதி ஆயுள் ஒரே பாயில் அருகருகே இருந்தோம். சனம் என் குரலைக் கோயிலிலேயே புகழ்ந்துவிட்டுப் போகும். அவர் சொன்னதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சோற்றோடு பிசைந்து தின்னும். எனக்கு அதில் பொறாமை இருந்தது என்று யாராவது சொன்னால், ஓம், இருந்தது.

பயன் சொல்லுகிறவர்கள் பலரை நான் கேட்டிருக்கிறேன். நல்லவன் வந்தால் புகழ்வார்கள், கெட்டவன் வந்தால் காறித் துப்பாத குறையாக ஏசுவார்கள். எங்கள் ஏட்டில் அரசனுக்கு ஒரு மந்திரி வருகிறான். போருக்குத் தூபம் போடுகிறவன். அவன் வந்தாலே முன்வரிசைக் கிழவிகள் மண்ணை அள்ளித் தூற்றுவார்கள். முருகேசர் முதன்முதலாகப் பயன் சொன்ன வருஷம் அந்த இடத்தில் கையை உயர்த்தினார். "பொறுங்கோ. ஏசலாம். ஆனால் ஏச முதல் அவனுக்காக ஒரு வாய் பேசுங்கோ. ஆரெண்டாலும் ஒராள் அவன்ர இடத்தில நிண்டு பேசுங்கோ" என்றார். சனம் ஒருவரையொருவர் பார்த்தது. கடைசியில் மண்ணை அள்ளிய கிழவிகளில் ஒருத்தியே வாய் திறந்தாள். "அரசன் போருக்குப் போகாட்டில் தன்ர பதவி போயிடும் எண்டு பயந்திருப்பானாக்கும். அவனுக்கும் பிள்ளை குட்டி இருந்திருக்குமே" என்றாள். முருகேசர் தலையாட்டினார். "நல்லது ஆச்சி. இனி ஏசுங்கோ" என்றார். கிழவி கையிலிருந்த மண்ணைப் பார்த்துவிட்டுக் கீழே போட்டாள். நான் பாயில் இருந்தபடி 'இந்த மனுசன் ஊரைக் கெடுக்கப் போறான்' என்று நினைத்துக்கொண்டேன்.

அவருக்குச் சொற்களின்மேல் ஒரு பைத்தியம் இருந்தது. அதிலும் அதிகாரம், சண்டை என்று வருகிற சொற்களை வயல்காரன் நெல் பொறுக்குவதுபோலப் பொறுக்குவார். ஏட்டில் போர் என்று ஒரு சொல் வந்தால், அவர் வீட்டுக்குப் போகும் வழியில் கண்டவர்களை எல்லாம் மறித்து, நீங்கள் சண்டைக்கு என்னென்ன சொல்லுவீர்கள் என்று கேட்பார். கொழுவல், பிணக்கு, சச்சரவு, பகை என்று ஆளுக்கொன்று சொல்லுவார்கள். அவற்றை அடுத்த வாசிப்பில் தரம் பிரித்து வைப்பார். "கொழுவல் கிணத்தடியில முடியும். பிணக்கு கலியாணப் பந்தியில முடியும். பகை சுடலை வரைக்கும் வரும். போர் சுடலைக்குப் பிறகும் நிக்கும். இப்ப சொல்லுங்கோ, உந்த அண்ணனும் தம்பியும் எந்தப் படியில நிக்கினம்?" என்று கேட்பார். சனம் வாதாடும். ஒரு வருஷம் இதிலேயே சாயந்தரம் போய், நான் பாடவேண்டிய பாட்டுகள் அப்படியே கிடந்தன. "உமக்குச் சம்பளமே இல்லை, எனக்கும் இல்லை. ஆனால் என்ர தொண்டைக்காவது ஒரு மதிப்பு வையுமன்" என்று சண்டை பிடித்தேன். அவர் நிதானமாக, "இது கொழுவலோ பிணக்கோ?" என்றார். என்ன செய்வது, சிரித்துவிட்டேன்.

ஒருமுறை உப்பும் கருவாடும் வாங்க நாங்கள் இருவரும் தோணியில் கடந்து மன்னார்த் தீவுக்குப் போனோம். தாராபுரத்தில் மீராசாகிபு என்ற வியாபாரி எங்களுக்குப் பழக்கம். நல்ல மனிதர், சொல்லில் ருசி உள்ளவர். தேத்தண்ணீர் தந்துவிட்டு, எங்கள் ஏட்டில் அரசனை எப்படிச் சொல்லுவீர்கள் என்று கேட்டார். முருகேசர் செங்கோல், ஆணை, அதிகாரம் என்று அடுக்கினார். மீராசாகிபு கேட்டுவிட்டு, "எங்கட ஆக்கள் ஒரு சொல்லுச் சொல்லுவம், அமானிதம். ஒருத்தர் நம்பிக் கையில தந்து வச்ச பொருள். பதவியும் அப்பிடித்தான். அது உங்கட சொத்தில்லை, திருப்பிக் குடுக்கிற நாள் வரும்" என்றார். முருகேசர் அந்தச் சொல்லை வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். வரும் வழியெல்லாம் தோணியில் அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தார். அடுத்த ஆடியில் அண்ணன் முடி சூடும் பாட்டுக்கு நேரே அந்தச் சொல்லைக் கொண்டுவந்து வைத்தார். பிள்ளையார் கோயிலில் சோனகர் சொல்லா என்று இரண்டொருவர் முணுமுணுத்தார்கள். "சொல்லுக்குப் பூணூலும் இல்லை, தொப்பியும் இல்லை. உங்களிட்ட இதைவிட நல்ல சொல்லிருந்தால் தாங்கோ, இதைத் திருப்பிக் குடுக்கிறன்" என்றார். ஒருவரும் தரவில்லை. சொல் நின்றுவிட்டது. இன்று எங்கள் ஊரில் அடுத்த வீட்டுப் பெண் முட்டைக் கோழியைக் கொடுத்துவிட்டுப் போனாலும், அமானிதமாகப் பார்த்துக்கொள் என்றுதான் சொல்லுகிறாள்.

இனி நான் எழுதவந்த விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஆடியை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். சிறுபோக நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருந்தோம். வானம் எங்களைப் பார்க்கவில்லை. குளத்தில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. குளத்துத் துருசை, அதாவது மதகை, திறப்பதும் பூட்டுவதும் ஊர்த் தலைமைக்காரரான விதானையார் சபாபதியாரின் கையில் இருந்தது. மன்னார் அரசாங்கக் கச்சேரியின் வெள்ளைக்காரத் துரை அவரிடம் கொடுத்த அதிகாரம் அது. அவருடைய காணி மேல்வயலில். மேல்வயலுக்கு மட்டும் தண்ணீர் விட்டார். கீழ்வயலில் கதிர் தள்ள இருந்த குடலைப் பயிர் வாடிற்று. கீழ்வயல்காரர் போய்க் கேட்டபோது, "எல்லாருக்கும் விட்டால் ஒருத்தருக்கும் காணாது" என்றார். அவர்கள் துரைக்குப் பெட்டிசம் எழுதப்போவதாகச் சொன்னதும் அவருக்கு ஏறிவிட்டது. "உது கலகம். பொலிசைக் கொண்டுவந்து எல்லாரையும் மன்னாருக்கு நடத்திக்கொண்டு போறன் பாருங்கோ" என்றார். அன்றைக்கே ஊர் இரண்டாகிவிட்டது. கிணற்றடியில் பெண்கள்கூடத் தனித்தனியாகத் தண்ணீர் அள்ளினார்கள்.

இதைவிடப் பொல்லாத விஷயம் ஒன்று எங்கள் கோயில் வழக்கத்திலேயே இருந்தது. போர்ப் பாட்டு வாசிக்கிற நாளில் மேல்வயல்காரர் அண்ணன் பக்கமாகத் தெற்கே இருப்பார்கள். கீழ்வயல்காரர் தம்பி பக்கமாக வடக்கே இருப்பார்கள். தங்கள் ஆள் வில்லை வளைக்கும்போது அந்தந்தப் பக்கம் 'ஓ' என்று கூவும். தம்பி விழுந்ததும் வாசிப்பு முடியும். வென்ற பக்கத்தார் தோற்ற பக்கத்தாருக்கு முதலில் பொங்கல் புக்கை பரிமாறுவார்கள். பரம்பரையாக வருகிற விளையாட்டு. அந்த வருஷம் அது விளையாட்டாக இருக்கவில்லை. நல்லையன் அப்போது மீசை முளைத்த திமிரில் இருந்த இளந்தாரி. அவனும் அவனுடைய ஆட்களும் வாசிப்பு முடிந்து ஏட்டைக் கட்டியவுடன் கத்தியோடும் அலவாங்குக் கம்பியோடும் போய்த் துருசை உடைப்பது என்று தீர்மானித்துவிட்டார்கள். அது விதானையாருக்குத் தெரிந்துவிட்டது. அவருடைய ஆட்கள் குளக்கட்டில் பொல்லுத் தடிகளோடு காத்திருந்தார்கள். ஊரில் எல்லாருக்கும் தெரியும். யாரும் தடுக்கப் போகவில்லை.

போர்ப் பாட்டுக்கு முதல்நாள் மத்தியானம் நான் முருகேசர் வீட்டில் இருந்தேன். விதானையார் நேரே வந்துவிட்டார். கதிரை போட்டும் உட்காரவில்லை. "முருகேசர், நாளைக்குப் பயன் சொல்லேக்கை அந்தத் தம்பிக்காரன் கலகக்காரன், அரசன்ர ஆணைக்கு மேல கை வச்சவன், அதுதான் செத்தான் எண்டு விளங்கச் சொல்லும். நீர் சொன்னால் ஊர் நம்பும்" என்றார்.

"நான் இண்டை வரைக்கும் ஒருத்தனையும் அப்பிடிச் சொன்னதில்லையே, விதானையார்" என்றார் முருகேசர்.

"நாளைக்குச் சொல்லும். இல்லாட்டில் அந்தப் பாயில வேற ஆள் இருக்கும்."

அவர் போய்ப் பொழுது சாயவில்லை, நல்லையன் வந்தான். "அண்ணை, நாளைக்கு அந்த அண்ணன்காரனைக் கொடுங்கோலன் எண்டு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கோ, எங்கட பெடியளுக்கு உசார் வரும்" என்றான். முருகேசரின் சொந்த வயலும் கீழ்வயலில்தான் இருந்தது. அவருடைய பயிரும் வாடிக்கொண்டிருந்தது. பொன்னம்மா அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். முருகேசர் நல்லையனிடமும் அதே பதிலைத்தான் சொன்னார். அவன் "நீங்களும் பயந்தாங்கொள்ளிதான்" என்று துப்பிவிட்டுப் போனான். நான் முருகேசர் பக்கம் திரும்பினேன். "ஓய், நாளைக்கு ரத்தம் விழப்போகுது. ஏட்டைக் கட்டிவச்சிட்டு, எனக்குக் குரல் இல்லை எண்டு நான் படுத்திடுறன்" என்றேன். "நீர் படுத்தால் அவங்கள் உடனேயே குளத்துக்குப் போவாங்கள். நீர் பாடுகிற மட்டும்தான் அவங்கள் இருப்பாங்கள். நல்லாப் பாடும்" என்றார். என் தொண்டையை அவர் மதித்தார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

அடுத்த நாள் கோயில் நிறைந்திருந்தது. வடக்கும் தெற்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் இருந்தார்கள். புக்கைப் பானை கொதித்துக்கொண்டிருந்தது, அதைக் கவனிக்க ஆளில்லை. விதானையார் வழக்கம்போலத் தெற்கே முன்னால், மேல் சால்வையோடு, நிமிர்ந்து இருந்தார். நல்லையன் வடக்கே தூணோடு. நான் பாடத் தொடங்கினேன். ஆயுளில் அப்படி நான் பாடியதில்லை, இனிப் பாடவும் மாட்டேன். இரண்டு படையும் எதிரெதிரே வந்து நிற்கும் பாட்டை முடித்துவிட்டு முருகேசரைப் பார்த்தேன். அவர் பயன் சொல்ல வாயெடுக்கவில்லை. எழுந்து நின்று தெற்குப் பக்கம் திரும்பினார்.

எங்கள் கோயிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஏடு திறந்திருக்கும்போது பயன் சொல்லுகிறவர் யாரிடம் என்ன கேட்டாலும், கேட்கப்பட்டவர் பதில் சொல்லாமல் எழும்பக்கூடாது. யாராக இருந்தாலும் சரி. முருகேசர் கைகட்டிக்கொண்டு, மிகவும் மரியாதையாகக் கேட்டார். "விதானையார், நீங்கள் ஊருக்குப் பெரியவர். இந்தத் தம்பிக்காரனுக்காக ஒரு வாய் பேசவேணும்."

விதானையாரின் முகம் கறுத்தது. எழும்பி நடந்திருப்பார், ஏடு திறந்திருந்தது. பிள்ளையாருக்கு முன்னால் ஊர் பார்த்திருக்கிறது. அவர் முதலில் ஒரு அரசாங்கக் கச்சேரிக் குரலில்தான் தொடங்கினார். தம்பி செய்தது பிழை, ஆனாலும் வயசுக் கோளாறு என்று ஏதோ சொன்னார். முருகேசர், "அது உங்கட இடத்தில நிண்டு பேசினது. அவன்ர இடத்தில நிண்டு பேசுங்கோ" என்றார். விதானையார் சால்வையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். அவர் ஒரு வீட்டின் இளைய மகன் என்பது ஊருக்குத் தெரியும். தகப்பன் இறந்தபோது தமையன் வீட்டையும் காணியையும் எடுத்துக்கொண்டு அவரை ஒரு சாக்கு மூட்டையோடு வெளியே விட்டதும் தெரியும். ஆனால் அதை யாரும் அவர் முன்னால் பேசியதில்லை. அவர் பேசியபோது அது கச்சேரிக் குரல் அல்ல. "தமையன் திறை கேட்டவன். கேக்கட்டும். ஆனால் உன்ர பிள்ளையள் சாப்பிட்டினமோ எண்டு ஒரு சொல்லுக் கேட்டவனோ? அந்த ஒரு சொல்லைக் கேட்டிருந்தால் இவன் வாளெடுத்திருக்க மாட்டான். தலையைக் குனிஞ்சு குடுத்திருப்பான்" என்றார். சால்வையால் முகத்தைத் துடைத்தார்.

வடக்குப் பக்கத்தில் யாரோ 'ஓ' என்று கூவ வாயெடுத்தான். முருகேசர் அவனைப் பார்த்த பார்வையில் அது தொண்டைக்குள்ளேயே நின்றது. பிறகு நல்லையன் பக்கம் திரும்பி, "தம்பி நல்லையா, நீ அண்ணனுக்காகப் பேசு" என்றார்.

"எனக்கு அவனுக்காகப் பேச ஒண்டுமில்லை" என்றான் நல்லையன்.

"ஏடு திறந்திருக்கு."

அவன் தூணைப் பிடித்துக்கொண்டு எழும்பினான். விதானையாரைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், நிலத்தைப் பார்த்தான். "பயந்திருப்பான்" என்றான். "தாறதெண்டால் எல்லாருக்கும் தரவேணும், தந்தால் ஒருத்தருக்கும் காணாது எண்டு பயந்திருப்பான். ஆனால் அரசன் பயந்தவன் எண்டு சொல்லேலுமோ? அதுதான் அதிகாரம், ஆணை எண்டு கத்திக்கொண்டு நிண்டவன்." சொல்லிவிட்டு, தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே அப்போதுதான் விளங்கியதுபோல நின்றான்.

இந்த இடத்தில் வேறு ஒருவராக இருந்தால் விடமாட்டார். ஒற்றுமை, நீதி என்று பொழுது சாயும்வரை நீட்டியிருப்பார். நானாக இருந்தாலும் நீட்டியிருப்பேன். முருகேசர் பாயில் வந்து இருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்து, "கொழுந்து, அடுத்த பாட்டைப் பாடும்" என்றார். அவ்வளவுதான். அன்று மிச்சம் இருந்த ஒரு பாட்டுக்கும் அவர் பயன் சொல்லவில்லை. நான் பாடினேன், சனம் கேட்டது. தம்பி விழும் பாட்டு வந்தபோது இரண்டு பக்கமும் கூவவில்லை. தெற்கே பெண்கள் அழுதார்கள்.

ஏட்டைக் கட்டினேன். விதானையார் காளாஞ்சி மரியாதையை வாங்காமலே எழும்பிப் போனார். நல்லையனின் ஆட்கள் அவனைப் பார்த்தார்கள். அவன் புக்கைப் பானையடியில் போய் இருந்துவிட்டான். மேல்வயல் பெண்கள் வழக்கப்படி அகப்பையை எடுத்துக்கொண்டு வடக்குப் பக்கம் வந்தார்கள். குளக்கட்டில் பொல்லோடு நின்றவர்களுக்கு யாரோ அங்கேயே புக்கை கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அன்று ஒரு துளி ரத்தம் விழவில்லை. அடுத்த நாள் விடிந்தபோது கீழ்வயல் வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. விதானையார் ஒருவருக்கும் சொல்லாமல் தானே போய்த் துருசைத் திறந்திருந்தார். மேல்வயலும் கீழ்வயலும் முறை வைத்துப் பாய்ச்சினோம். விளைச்சல் குறைவுதான். ஆனால் இரண்டு பக்கமும் அரிவாள் வைத்தது நெல்லில்.

நன்றி என்று ஒன்று இருக்கிறதா என்று கேட்காதீர்கள். அடுத்த ஆடிக்கு முருகேசர் பாயில் இருக்கக்கூடாது என்று விதானையார் சொல்லி அனுப்பிவிட்டார். ஊருக்கு முன்னால் தன் வீட்டுக் கதையைத் தன் வாயாலேயே சொல்ல வைத்ததை அவரால் தாங்க முடியவில்லை. எனக்கு வந்த கோபத்தில், "இவர் இல்லாட்டில் என்ர தொண்டையும் இல்லை" என்று கோயில் வாசலிலேயே கத்தினேன். முருகேசர் என்னைத் தனியே கூட்டிக்கொண்டு போய் ஏசினார். "நீர் பாடாட்டில் சனம் எதைக் கேக்கும்? பாயில ஆர் இருந்தால் என்ன? போய்ப் பாடும்" என்றார். பாடினேன். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பண்டிதரைக் கொண்டுவந்து இருத்தியிருந்தார்கள். கற்றவர், குற்றம் சொல்ல ஏலாது. போர்ப் பாட்டு வந்தபோது அவர் தம்பியைக் கலகக்காரன், ராசத்துரோகி என்று ஏசத் தொடங்கினார்.

அப்போது தெற்குப் பக்கத்திலிருந்து, மேல்வயல் பக்கத்திலிருந்து, ஒரு பெண் குரல் கேட்டது. "ஐயா, ஏசுங்கோ. முதல் அவனுக்காக ஒரு வாய் பேசுங்கோ பாப்பம்." பண்டிதர் திகைத்துப்போனார். வடக்கிலிருந்தும் கேட்டார்கள். "ஓம் ஐயா, எங்கட கோயிலில அப்பிடித்தான்." பண்டிதர் ஏட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கூட்டத்தின் நடுவில் முருகேசர் வெற்றிலை மென்றுகொண்டு, இந்தச் சனத்தோடு தனக்கு ஒரு சம்பந்தமும் இல்லை என்பதுபோல இருந்தார். ஐயோ, அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்! எனக்குப் பாட்டு மறந்துபோகும் அளவுக்குச் சந்தோஷம். பண்டிதர் அந்த வருஷத்தோடு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். மறு ஆடியில் விதானையார் ஒன்றும் சொல்லவில்லை. முருகேசர் தன்பாட்டில் வந்து பாயில் இருந்தார். நான் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டேன். பிறகு அவர் சாகும்வரை அந்த இடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

மூன்று துரைமாரை நாங்கள் கண்டிருக்கிறோம். அவர்களுக்கு எங்கள் ஊரில் இப்படி ஒருவர் இருந்தது தெரியாது. அவருக்குப் பட்டம் இல்லை, பதவி இல்லை, எழுதிய நூல் இல்லை. தெரியாவிட்டால் போகட்டும். நான் அவரோடு ஒரே பாயில் இருந்தவன் என்று எங்கே போனாலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவேன்.

அவரைச் சுடலைக்கு எடுத்த அன்று வெயில் கொளுத்திற்று. பாடையைத் தூக்க வந்தவர்களை நான் விலகி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பக்கத்துக்கு விதானையார் வந்தார். தலை முழுவதும் நரைத்துவிட்டது, நிமிர்வு மட்டும் போகவில்லை. "வயசுபோன நேரத்தில உங்களுக்கு ஏன் ஐயா?" என்று யாரோ தடுத்தார்கள். "விடடா. ஊருக்கு முன்னால என்னைத் தோற்கடிச்ச ஒரேயொரு மனுசன் இவர். நான் தூக்காமல் ஆர் தூக்கிறது?" என்றார். அவருக்குச் சோடியாக மறுபக்கம் நல்லையன் தோளைக் கொடுத்தான். பின்னால் அன்று குளக்கட்டில் பொல்லோடு நின்ற இருவர், அன்று கத்தியைத் தீட்டி வைத்திருந்த இருவர். நடக்க நடக்க விதானையாருக்கு மூச்சு வாங்கிற்று. நல்லையன் தன் பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பாரத்தைத் தான் வாங்கிக்கொண்டு நடந்தான்.

அந்த ஆடி மாதத்துச் சாயந்தரம் வெட்டுப்பட்டும் அடிபட்டும் கிடந்திருக்கவேண்டிய தோள்கள் அவை. எல்லாம் உயிரோடு, வியர்த்துக்கொண்டு, அவரைச் சுமந்துகொண்டு போயின. முருகேசரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்து வைத்திருப்பது அந்தக் காட்சி ஒன்றுதான். அவர் பயன் சொல்லாமல் விட்ட பாட்டுக்கு அதுதான் பயன்.